ஆறு குழிகளில் மஞ்சள்

"உன் ஆராய்ச்சியைப் பற்றி நம்ம பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதிக் கொடு" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் நான் சேர்ந்து மூன்று ஆண்டுதான் ஆகிறது. என் பெருமை பேச ஒன்றுமில்லை. ஆகவே, என்னை இத்துறைக்கு இழுத்த வரலாற்றைச் சொல்கிறேன். அதில் நம் ஆரணிக்குப் பக்கத்திலுள்ள வேலூருக்கும் பங்குண்டு.

1985ஆம் ஆண்டின் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், எய்ட்ஸ் நோய் இங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் பேராசிரியை சுனிதி சாலமன். 1981இல் அமெரிக்காவில் தெரியவந்த நோய் அது. 'அது மேல்நாட்டு வியாதி, நமக்கு எதற்கு வரப்போகுது?' என்பதே அன்றைய பேச்சு. நிர்மலாவுக்கும் தயக்கம்தான். பஸ் காசை மிச்சப்படுத்த, கணவர் தம் ஸ்கூட்டரில் அவரைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விடுவாராம். அங்கே பாலியல் தொழிலாளர்கள் என்று அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்.

1986 பிப்ரவரியில் அவற்றோடு ரயிலேறி, வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே செய்தது 'எலிசா' சோதனை. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாயம் தோய்த்த நூலை அலசினால், ஒட்டாத சாயம் தண்ணீரோடு போய்விடும் அல்லவா? தட்டின் குழிகளில் வைரஸின் புரதம் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தால் அது பற்றிக்கொள்ளும், அலசினாலும் போகாது. பிறகு ஊற்றும் நொதியும் நீர்மமும் அங்கே நிறம் காட்டும்.

ஆறு குழிகள் மஞ்சளாயின. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இப்படித்தான். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார், 2015இல் மறைந்தார்.

விடுமுறையில் தறியருகே உட்கார்ந்து இதை அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஆறு பொண்ணுங்க என்ன ஆனாங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அன்றைய வழக்கம் அது.

இன்று ஊசியைத் தொடும்முன், எதற்காக என்று எதிரிலிருப்பவரிடம் தமிழில் விளக்கி, சம்மதம் கேட்ட பிறகே கையெழுத்து வாங்குகிறேன். இத்துறைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளே, எலிசாவை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். அம்மா கேட்ட கேள்வியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.