பமாகோ நகரத்துப் போட்டோ ஸ்டூடியோக்கள்

நைஜர் நதிக்கரையில் சிற்றூராக இருந்த பமாகோ, 1904இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்தபின், பிரெஞ்சு சூடான் என்று அந்நாளில் வழங்கிய மாலி தேசத்தின் பெருநகரமாக வளரலாயிற்று. பிற்பாடு அந்தப் பாதை டக்கார் துறைமுகம் வரையில் தொடர்ச்சியாக இணைக்கப்பட்டதும், வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களும் அங்கே வந்து குடியேறினார்கள். அவர்களோடு அயல்நாட்டு ஜவுளிகளும் வந்தன. துணியின் தராதரத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிந்த ஜனங்கள் அவர்கள். அவர்களுடைய முன்னோர் காலத்தில், நம் புதுச்சேரியில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி, கினே என்ற பெயரோடு செனகல் ஆற்றங்கரைகளில் பிசின் வாங்குவதற்கு நாணயம் போலவே செல்லுபடியாயிற்று என்றால், வஸ்திரத்துக்கு அந்தப் பிரதேசத்தில் இருந்த மதிப்பு எத்தகையது என்பதை வேறு விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய ஜனங்களைப் புகைப்படக் கருவி முதலில் எப்படிப் பார்த்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டக்காரில் வியாபாரம் செய்த எட்மோன் ஃபோர்த்தியே என்ற பிரெஞ்சுக்காரர், மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் சுற்றிப் படமெடுத்து, ஆயிரக்கணக்கான தபாலட்டைகளை அச்சிட்டு விற்றார். அவற்றில் பல, நிற்பவரின் பெயரைச் சொல்லாமல், இன்ன இனத்து ஸ்திரீ, இன்ன இனத்து ஆடவன் என்று அவருடைய இனத்தை மாத்திரம் குறித்தன. அணிந்திருக்கும் ஆடை அவருடைய ரசனைக்குச் சான்றாக அல்லாமல், அவருடைய இனத்துக்கு அடையாளமாகவே அங்கே கொள்ளப்பட்டது. அதே கருவி, அதே ஜனங்களுடைய கைக்கு வந்தபோது அதன் போக்கே மாறியது என்பதுதான் பமாகோவின் சரித்திரத்தில் நான் விசேஷமாகக் கருதும் செய்தி.

1935இல், செனகலுக்குப் போய்த் திரும்பிய சிற்றப்பா ஒருவர், தச்சுவேலை பழகிக்கொண்டிருந்த செய்தூ கெய்த்தா என்னும் பையனுக்குச் சிறிய கோடாக் காமிரா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகாத அந்தப் பையன், மூந்தாகா தெம்பெலே என்ற உபாத்தியாயரிடமும், புகைப்படச் சாமான் கடை வைத்திருந்த பியேர் கார்னியே என்ற பிரெஞ்சுக்காரரிடமும் தொழிலைக் கற்று, 1948இல் பமாகோ கூரா என்ற பகுதியில், சிறைச்சாலைக்குப் பின்புறமிருந்த தன் வீட்டு முற்றத்திலேயே ஸ்டூடியோ திறந்தான். ரயில் நிலையம் சமீபத்தில் இருந்தபடியால், உள்ளூர்வாசிகள் மட்டுமன்றி வெளியூர்ப் பிரயாணிகளும் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

கெய்த்தா பெரும்பாலும் சூரிய வெளிச்சத்தையே நம்பினார். 13க்கு 18 சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய நெகடிவ்; அதன்மேல் காகிதத்தை வைத்து அதே அளவில் பிரதி எடுப்பது; ஃபிலிம் விலையுயர்ந்தது ஆகையால் ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே தடவைதான் காமிராவைத் திறப்பது என்பவை அவர் கைக்கொண்ட முறைகள். முதலில் தம் கட்டில் விரிப்பையே பின்திரையாகத் தொங்கவிட்டவர், இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒரு தடவை திரையை மாற்றினார். தேதி குறித்து வைக்காத படங்கள் எந்த வருஷத்தவை என்று பிற்காலத்தில் அவரே நிதானித்துச் சொல்ல அந்தத் திரைகள்தாம் உதவின. பூக்கொடி போட்ட திரைக்கு முன்னால் கட்டம் போட்ட உடையுடன் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். இரண்டு சித்திர வேலைப்பாடுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல், நடுவே அவள் முகமும் கைகளும் மாத்திரம் அமைதியாகத் துலங்கும். முகத்தைச் சற்றே திருப்பி, தோளைச் சாய்த்து, விரல்களின் மருதாணியும் காதின் பொன்னும் புலப்படும்படி அவளை உட்கார வைப்பதில்தான் அவருடைய கைத்திறன் இருந்தது.

அகன்று விழும் பூபூ அங்கியோடு வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்தே சிறந்ததை உடுத்தி வந்தார்கள். மேனாட்டு உடையில் தோன்ற ஆசைப்பட்டவர்களுக்கென்று கோட்டும் டையும் தொப்பியும் பூட்ஸும் ஸ்டூடியோவிலேயே தயாராயிருந்தன. பேனா, கைக்கடியாரம், ரேடியோ, டெலிபோன், வெஸ்பா ஸ்கூட்டர், கெய்த்தாவின் சொந்தப் பெழோ கார் ஆகியவையும் வேண்டியவர்களுக்கு உண்டு. இரவல் கோட்டுடன் எடுத்த படம் பொய்யல்லவா என்று கேட்பவர்கள், படம் எடுக்கப்பட்ட காலத்தை மறந்துவிடுகிறார்கள். அந்நிய ஆட்சியில் சமமானவர்களாக மதிக்கப்படாமல் இருந்தவர்கள், தாங்கள் எந்த நிலைக்கு உரியவர்கள் என்று தாங்களே நிர்ணயித்துக்கொண்டதற்கு அந்தக் கோட்டு ஒரு சாதனம்; அவ்வளவே.

1960இல் மாலி சுதந்திரம் அடைந்த சில வருஷங்களில், கெய்த்தா அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, ஸ்டூடியோவை மூட நேர்ந்தது. அதன்பின் இளைஞர்களுடைய அபிமானத்தைப் பெற்றவர், பாகதாஜி பகுதியில் ஸ்டூடியோ நடத்திய மாலிக் சிதிபே. இவர் வாடிக்கைக்காரர் வரும்வரை காத்திராமல், சனிக்கிழமை இரவுகளில் சிறிய காமிராவுடன் நடன விருந்துகளுக்கே போனார். இளைஞர் சங்கங்கள் ஒன்றையொன்று விஞ்சும்படி உடுத்தி ஆடிய காலம் அது. புதிய சோஷலிஸ அரசாங்கமோ அந்த உடையையும் ஆட்டத்தையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. சிதிபே இரவோடிரவாகப் பிரதியெடுத்து ஸ்டூடியோ வாசலில் படங்களை வரிசையாக மாட்டிவைப்பார். தங்கள் தோற்றம் திருப்தியளித்தவர்கள் வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். 1963இல் அவர் எடுத்த கிறிஸ்துமஸ் இரவுப் படத்தில், கோட்டணிந்த வாலிபனும் வெறுங்காலோடு ஒரு பெண்ணும் தலை தாழ்த்தி ஆடுகிறார்கள். உலகத்தார் இன்று அவரை நினைப்பது பெரும்பாலும் அந்தப் படத்தைக் கொண்டுதான்.

1991இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் கெய்த்தாவின் படங்கள் சில, எடுத்தவர் பெயர் தெரியாதவை என்ற குறிப்புடன் வைக்கப்பட்டன. அவற்றைக் கண்டு வியந்த சேகரிப்பாளர் ஒருவர் பமாகோவுக்கு ஆள் அனுப்பித் தேடவே, 1994இல் பாரிஸில் கார்த்தியே ஸ்தாபனம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. 2001இல் கெய்த்தா காலமானார். 2007இல் வெனிஸ் பியன்னாலே என்னும் கலைக் கண்காட்சியில், வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் புகைப்படக்காரர் என்ற கீர்த்தி சிதிபேக்கு வாய்த்தது. கறுப்பினப் பெண்களைப் பகட்டான சித்திரத் துணிகளின் நடுவே அமர்த்தித் தீட்டும் மிக்கலீன் தாமஸ் போன்ற இக்காலத்து அமெரிக்க ஓவியர்கள் இவர்களை முன்னோடிகளாகக் கருதுகிறார்கள்.

இந்தக் கீர்த்தியில் நியாயம் உண்டு. ஆனால் இது முழு நியாயமாகாது. வாடிக்கைக்காரருக்குப் பிடிக்காத படம் ஸ்டூடியோக்காரருக்குச் சோறு போடாது. ஆகவே பமாகோவில் கடைசி வார்த்தை எப்போதும் காமிராவுக்கு எதிரே அமர்ந்தவருடையதாகவே இருந்தது. சாயமிட்டவரும் தைத்தவரும் கூந்தல் பின்னியவரும், இத்தனையிலும் இதுவே எனக்கு ஏற்றது என்று தேர்ந்து உடுத்தியவரும் முக்கால் பங்கு வேலையை முடித்துவிட்டு வந்தார்கள். மீதிக் காற்பங்கை, அவர்கள் விரும்பியவாறே, ஆனால் அவர்கள் எண்ணியதைவிட மேலாக நிறைவேற்றித் தந்ததுதான் அந்த இருவருடைய மேதை. மியூஸியங்கள் இந்தப் படங்களின் கீழே தலைப்பில்லாதது என்று எழுதி ஒரே ஒரு கர்த்தாவின் பெயரைப் பொறிக்கின்றன. கர்த்தாக்கள் பலர் என்று எழுதுவதே சரித்திரத்துக்குப் பொருந்தும்.