லோக்கல் ரயிலும் பக்கத்துக் கம்பியும்

மும்பைக்கு வந்துவிட்ட நம் மக்களுக்கு லோக்கல் ரயில்தான் எல்லாமே. மாட்டுங்காவோ டோம்பிவிலியோ, அந்தக் கூட்டத்தைப் பற்றிப் புலம்பாதவர் கிடையாது. ஆனால் தண்டவாளத்தை ஒட்டி ஓடும் கேபிள்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைக்குக் கொஞ்சம் பேசலாமே.

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஹார்பர் லைனில் ஓடியது. 1500 வோல்ட் டிசி. நம்ம மெட்ராஸ் பீச் - தாம்பரம் ரயிலும் 1931-ல் அதே டிசியில்தான் ஆரம்பித்தது. டிசியில் மின்னோட்டம் ஒரே திசையில் போவதால் பக்கத்துக் கம்பிகளுக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

1957-ல் ரயில்வே 25,000 வோல்ட் ஏசி என்று முடிவு செய்தது. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ராஜ்கர்சவான் பக்கம் 1959 டிசம்பரில் முதல் ஏசி வண்டி ஓடியது. வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும். மெல்லிய கம்பி போதும், சப்-ஸ்டேஷன்களும் குறைவு. நல்ல லாபம்தான்.

ஆனால் வினை பக்கத்தில் இருந்தது. நீராவிக் காலத்திலிருந்தே தந்தி, டெலிபோன் கம்பிகள் தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்களில்தான் போய்க்கொண்டிருந்தன. ரயிலுக்கான மின்சாரம் மேலே கம்பியில் வந்து, எஞ்சினைக் கடந்து, தண்டவாளம் வழியாகத் திரும்ப வேண்டும். அதில் ஒரு பங்கு மண்ணில் கசிந்துவிடும். போகும் வழி மேலே, திரும்பும் வழி மண்ணுக்குள். நடுவில் பெரிய வளையம்! நொடிக்கு 50 முறை மாறும் அதன் காந்தப்புலம் பக்கத்துக் கம்பியிலும் மின்சாரத்தைத் தூண்டும். எத்தனை கிலோமீட்டர் கூடவே ஓடுகிறதோ அத்தனைக்கு வோல்ட் ஏறும்.

போனில் இரைச்சல் கேட்பதோடு முடிந்தால் பரவாயில்லை. ரயில் கம்பியில் ஷார்ட் ஆகும் நேரம் பார்த்து லைன்மேன் டெலிபோன் கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்திலும் தூண்டப்படும் மின்னழுத்தம் 430 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது இதனால்தான்.

மருந்து என்ன? முதலில் கம்பிகள் கம்பத்தை விட்டு மண்ணுக்கடியில் இறங்கின. உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிய செம்புக் கம்பிகள், மேலே அலுமினிய உறை, அதன் மேல் இரும்புப் பட்டை. உறையை இரு முனையிலும் எர்த் செய்தால், அதில் ஓடும் எதிர் மின்னோட்டம் உள்ளே வரும் தொல்லையைக் குறைக்கும். எர்த் சரியில்லையென்றால் உறை இருந்தும் பிரயோஜனமில்லை. அடுத்து பூஸ்டர் டிரான்ஸ்ஃபார்மர், சுமார் 2.66 கிலோமீட்டருக்கு ஒன்று. மண்ணுக்குப் போகும் மின்சாரத்தை இழுத்து, மேலே தனிக் கம்பியில் திருப்பி அனுப்பும். வளையம் சுருங்கிவிடும்.

மும்பைக்குத்தான் தலைவலி அதிகம். வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை தண்டவாளத்தில் சிறு மின்சாரம் செலுத்தித்தான் சிக்னல் கண்டுபிடிக்கும். டிசி ரயில் ஓடும் தடத்தில் அது ஏசியாக இருக்க வேண்டும், ஏசி ரயிலுக்கு டிசியாக. இரண்டும் ஒரே வகையானால், தடத்தில் வண்டி நிற்கும்போதே சிக்னல் பச்சை காட்டிவிடலாம். ஆகவே ஏசிக்கு மாற, சிக்னலையும் கேபிளையும் முதலில் மாற்றியாக வேண்டும். அதுவும் தினமும் லட்சக்கணக்கானோர் பயணம் செய்துகொண்டிருக்கும்போதே!

மேற்கு ரயில்வே 2012-ல் முடித்தது. மத்திய ரயில்வேயில் கடைசியாக மாறியது, 1925-ல் முதலில் ஆரம்பித்த அதே ஹார்பர் லைன், 2016-ல். தொண்ணூற்றொரு வருஷம்!

கண்ணாடி இழைக் கேபிளில் செய்தி ஒளியாகப் போவதால் இந்தக் காந்தப்புலம் அதை ஒன்றும் செய்யாது. ஆனாலும் செம்பு முழுவதுமாகப் போய்விடவில்லை. அதுவரை எர்த்தைச் சோதிக்க ஒருவர் மீட்டரும் கையுமாகத் தண்டவாளத்தோரம் நடந்துதான் ஆக வேண்டும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால், அவரையும் ஒரு பார்வை பாருங்கள்.