காரை வீட்டுக்குச் சிமெண்ட் ஆகாது

பழைய மச்சு வீட்டை வாங்கி விடுதியாக மாற்ற நினைக்கிறவங்க முதலில் செய்வது சிமெண்ட் பூச்சு. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்குது.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-ல். அது நம்ம ஊருக்கு வந்து சேரும்வரை இங்கே எல்லாம் சுண்ணாம்புக் காரைதான். சில இடங்களில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்ப்பாங்க. காரைச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் வெளியே விட்டுடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சுவருக்குள் செருகிய உத்திரத்தின் நுனி இற்றுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

'மெட்ராஸ் டெரஸ்' கூரையில் மரச்சட்டங்கள் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கியிருப்பாங்க. வத்தல் காயப்போட அது தாங்கும். 1000 லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணி மட்டுமே ஒரு டன்!

சென்னை சேப்பாக்கம் அரண்மனை 1768-ல் கட்டியது. பிற்காலத்தில் அரசு அலுவலகமாக இருந்த அதன் கலச மஹால், 2012 தீயில் கூரை இடிந்து விழுந்தது. சுண்ணாம்பு கொண்டே சீரமைத்தாங்க. பிறகு பசுமைத் தீர்ப்பாயம் அங்கே வந்தது. எரிந்த கட்டடமே மீண்டும் புழக்கத்துக்கு வந்ததென்றால், உங்க வீடும் வரும்.

வாங்கும் முன் உத்திர நுனியை ஆணியால் குத்திப் பாருங்க. தொட்டியையும் குளியலறையையும் கொல்லையில் தனியாகக் கட்டுங்க. சுவருக்குச் சுண்ணாம்பே போதும்.