குழல் வாய் மாறிய கதை

கழக்கூட்டத்தைத் தாண்டி ஆற்றிங்கல் சாலையில் பள்ளிப்புறம் சி.ஆர்.பி.எஃப். முகாம். அங்கே ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற மார்த்தாண்டத்துக்காரன் நான். ஒவ்வொரு தலைமுறைத் துப்பாக்கியையும் துடைத்து, எண்ணெய் போட்டவன்.

பழைய .303 ரைஃபிளின் வாயில் ஒன்றும் கிடையாது. உதை அப்படியே தோளில் இறங்கும். அடுத்து வந்த 7.62 எஸ்.எல்.ஆரில் பிளவுகள் போட்ட ஃப்ளாஷ் ஹைடர். அதையே உதையைக் குறைக்கும் மசில் பிரேக் என்று நம்பும் ஜவான்கள் உண்டு. அது தீப்பிழம்பைச் சிதறடிக்கும். உதையைக் குறைக்க வந்ததல்ல.

ஏ.கே.-47 வாயில் தொடக்கத்தில் திருகுமறையைக் காக்கும் வளையம் மட்டும்தான். 1959-இல் வந்த ஏ.கே.எம்மில் சாய்வாக வெட்டிய ஒரு சிறு மூடி. வாயு மேலே, வலப்பக்கம் சீறும். குழல் கீழே, இடப்பக்கம் அமுங்கும். தொடர்ந்து சுடும்போது குழல் எகிறுவதை அந்தச் சின்ன இரும்புத்துண்டு அடக்குகிறது. உண்மையான பிரேக் 1974-இல் ஏ.கே.-74-இல் வந்தது. குண்டின் பின்னால் பாயும் வாயு உள்தடுப்பில் மோதித் துப்பாக்கியை முன்னே இழுக்கும், பின்னுதை குறையும். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் வித்வன்சக் ரைஃபிள் 20 மி.மீ. வரையிலான குண்டு சுடுவது. இப்படியொரு பிரேக் இல்லாமல் அந்த உதையை மனிதத் தோள் தாங்காது.

ஆனால் அந்த வாயு எங்கேயோ போயாக வேண்டுமே! பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்புகிறது. பள்ளிப்புறத்துச் செம்மண்ணில் கோடையில் படுத்துச் சுட்டால் புழுதி எழும்பி இலக்கை மறைக்கும். சுடுபவன் இருக்குமிடமும் தெரிந்துவிடும். பக்கத்தில் படுத்திருப்பவன் பாடு இன்னும் மோசம். முகத்தில் அறை விழுந்த மாதிரி இருக்கும். ரைஃபிள் வேட்டுச் சத்தம் சாதாரணமாகவே 150 டெசிபலைத் தாண்டும். பிரேக் மாட்டினால் சுடுபவன் காதில் அது இன்னும் ஏறும். வலத்தோளில் வைத்துச் சுடுபவனுக்கு இடக்காதுதான் வாய்க்கு நெருக்கம். என் இடக்காதில் இன்றும் ரீங்காரம் ஓயவில்லை.

2015 தேசிய விளையாட்டுக்காக வட்டியூர்க்காவில் துப்பாக்கிச் சுடுதளம் கட்டினார்கள். பன்னாட்டுப் போட்டி விதிப்படி ரைஃபிளில் மசில் பிரேக்குக்கு அனுமதியில்லை. சின்னக் குண்டு சுடும் அங்கே அதற்குத் தேவையுமில்லை. என் கணக்கில், பெரிய குண்டுக்கும் தொடர் வேட்டுக்கும் மட்டுமே அது வேண்டும்.

ரேஞ்சுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் உஸ்தாதுகளே, பிரேக் மாட்டிய ரைஃபிள்காரனை வரிசையின் கடைசியில் தள்ளிப் படுக்க வையுங்கள். காதடைப்பானைச் செருகி, அதன்மேல் காதுமூடியையும் போடச் சொல்லுங்கள்.