கள்ளிமுளையான்

கள்ளிமுளையான், வறண்ட புதர்க்காடுகளில் வளரும் சதைப்பற்றுள்ள சிறு செடி. அறிவியல் பெயர் கராலுமா அட்சென்டென்ஸ். ஓசூரை அடுத்து, கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஜவளகிரி போன்ற பாறையும் முள்ளும் கலந்த நிலம் இதற்கு ஏற்றது. முட்புதர்களின் அடியில் முளைப்பதால் பூக்காத காலத்தில் கண்ணில் படுவது அரிது.

தண்டு நான்கு பட்டையானது. இலைகள் மிகச் சிறியவை, விரைவில் உதிர்ந்துவிடும். பச்சைத் தண்டே உணவு தயாரிக்கிறது. அதன் நுண்துளைகள் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, வெயிலில் மூடிக்கொள்வதால் நீர் வீணாவதில்லை. நுனி மெலிந்த தண்டில் கருஞ்சிவப்புப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். ஈக்களே மகரந்தம் சுமக்கின்றன. கொம்பு வடிவக் காய் வெடித்ததும், பட்டிழைக் குஞ்சம் கொண்ட விதைகள் எருக்கம்பஞ்சைப் போலவே பறக்கும்.

எருக்கு உண்மையிலேயே இதற்கு உறவு. பால் வடியும் கள்ளிகள் ஆமணக்குக் குடும்பத்தவை. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பெயரில் கள்ளி இருந்தாலும் இவ்விரண்டோடும் இதற்கு உறவில்லை. 1795-இல் வில்லியம் ராக்ஸ்பர்க் இதை ஸ்டபீலியா பேரினத்தில் வைத்தார். கராலுமா பேரினத்தை நிறுவியவர் ராபர்ட் பிரவுன். 1810-இல் எருக்கு இனங்களை அரளிக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனிக் குடும்பமாக்கியவரும் அவரே. மரபணு ஆய்வுகளின் வழியே 1998-இல் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. இன்று கள்ளிமுளையான், அரளிக் குடும்பத்தின் எருக்குத் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் வகைகளைப் பிரித்தறிய, சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கிரேவ்லியும் மயூரநாதனும் 1931-இல் வெளியிட்ட நூலே இன்றும் அடிப்படை. கராலுமாவைச் செரோபீஜியா பேரினத்தில் சேர்க்க 2017-இல் முன்வைத்த கருத்தைத் தாவரவியலார் எல்லாரும் ஏற்கவில்லை.

ஆடு மேய்ப்போர் பசியும் தாகமும் தணிய இதன் தண்டைப் பச்சையாக மெல்வதுண்டு. துவையலும் ஊறுகாயும் செய்வர். 2007-இல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில், இதன் சாற்றை உட்கொண்டவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. உடல் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனாலும் எடைக்குறைப்பு மாத்திரையாக உலகெங்கும் விற்கப்படுகிறது. ஆப்பிரிக்கப் பாலைநிலத்தில் வளரும் இதன் உறவுச் செடி ஹூடியா. பசி தணிய அதை மென்றுவந்த சான் பழங்குடியினருக்கு அதன் வணிகத்தில் பங்கு தரும் ஒப்பந்தம் 2003-இல் கையெழுத்தானது. கள்ளிமுளையானை அறிந்து காத்த நம் மேய்ச்சல் குடிகளுக்கும் அத்தகைய பங்கு உரியது. தண்டுத் துண்டை நட்டாலே வேர்விடும் செடி இது. காட்டிலிருந்து வேரோடு பிடுங்க வேண்டிய தேவை இல்லை.