செவியின் தீர்ப்பும் சந்தையின் தீர்ப்பும்

1877இல் போனோகிராப் கருவியைக் கண்டுபிடித்த தோமஸ் அல்வா எடிசன், பொருள் தரமானதாயின் வாங்குவோர் தாமே நாடி வருவர் என நம்பியவர். 1912இல் அறிமுகமான ‘டயமண்ட் டிஸ்க்’ இசைத்தட்டு இந்நம்பிக்கையின் விளைவே. வைர ஊசி, கால் அங்குலத் தடிப்புள்ள தட்டு, பள்ளத்தின் ஆழ வேறுபாட்டால் ஒலியைப் பதியும் முறை ஆகியவை அதன் ஒலித்தெளிவுக்குக் காரணமாயின.

1915 முதல் 1925 வரை அமெரிக்க நகரங்களில் நடைபெற்ற குரலொப்பீட்டு நிகழ்ச்சிகள் அவையோரையே நடுவராக்கின. தட்டுடன் இணைந்து பாடும் பாடகர் இடையே நிறுத்துவார். தட்டு தொடர்ந்து ஒலிக்கும். சிலவேளை அரங்கும் இருளாக்கப்படும். வேறுபாடு புலப்படவில்லை என்றனர் பலர். ஆயினும் இத்தீர்ப்பு முற்றிலும் சுயாதீனமானதன்று. தட்டின் ஒலிக்கு இசையத் தம் குரலைத் தணித்துப் பாடியதாகப் பாடகி அன்னா கேஸ் பின்னாளிற் கூறினார்.

இதனினும் பெரிய குறை வேறொன்று. செவிப்புலன் குன்றியிருந்த எடிசன், பாடல்களையும் பாடகரையும் தமது விருப்பின்படியே தெரிவுசெய்தார். ஜாஸ் இசையை வெறுத்தார். தொடக்ககாலத் தட்டுகள் பலவற்றிற் பாடகர் பெயரும் பொறிக்கப்படவில்லை. விக்டர் நிறுவனமோ 1904 முதல் கரூசோவின் குரலையும் புகழையும் ஒருங்கே விற்றது. வானொலியும் பரவிய நிலையில், 1929 ஒக்ரோபரில் எடிசன் நிறுவனம் இசைத்தட்டு உற்பத்தியைக் கைவிட்டது.

இதனைத் தரத்தின் தோல்வி எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒலி எத்தகையது என எடிசன் மக்களை வினவினார். மக்களோ பாடுபவர் யார் என வினவினர். வாங்குவோரை நடுவராக்கியவர், வழக்கு எதுவென்பதைத் தாமே வகுத்துக்கொண்டமையே அவர்தம் தவறு எனலாம்.