வரைபடத்தில் நம் தெருக்கள்

தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா கட்டப்பட்டபோது அதன் எதிரில் கடல் இருந்தது. 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த அந்தக் கட்டடம், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் கரையிறங்கியதும் கண்ட முதல் அடையாளங்களுள் ஒன்று. 1880களில் அந்த விரிகுடா மண்ணிட்டு நிரப்பப்பட்டது. இன்று தர்கா வாசலில் நிற்கும் நம் பிள்ளைகளின் கண்ணுக்கு வானளாவிய அலுவலகக் கட்டடங்களே தெரிகின்றன. கடல் தானாக விலகிப் போகவில்லை. நகரத்துக்கு நிலம் தேவைப்பட்டது, நிலம் உண்டாக்கப்பட்டது.

நம் சமூகத்தின் சிங்கப்பூர் வரலாற்றைப் பள்ளிவாசல், வணிகம், தமிழ்ப்பணி என்று வகுத்து எழுதுவது வழக்கம். இந்தப் பொன்விழா மலரில் அதையே நிலத்தின் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறோம். எங்கே வாழ்ந்தோம், ஏன் அங்கிருந்து எழுந்தோம், எது நம்மோடு வந்தது, எது தங்கிவிட்டது என்பதை நம் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டும்.

முதல் வரைபடம்

1822ஆம் ஆண்டின் இறுதியில் ராஃபிள்ஸ் நகரக் குழு ஒன்றை அமைத்து, ஒவ்வொரு சமூகத்தாருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கச் செய்தார். லெஃப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்த அந்தப் படத்தில், சீனர், அரபியர், பூகிஸ் மக்கள், ஐரோப்பியர் ஆகியோரின் பகுதிகளோடு, சிங்கப்பூர் ஆற்றின் கரையில் ‘சூலியா கம்பம்’ என்றும் ஓர் இடம் குறிக்கப்பட்டது. இந்நகரின் முதல் வரைபடத்திலேயே நமக்குப் பெயர் இருந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் நம்மவர் கோட்டுக்குள் அடங்கி இருந்துவிடவில்லை. தொழில் எங்கேயோ குடியிருப்பும் அங்கே என்று பரவினர். 1826இல் அன்சார் சாயபு முன்னின்று சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தெலுக் ஆயரில் ஓலைக் குடிசையாகத் தோன்றியது அல்-அப்ரார் பள்ளி. அதை நம்மவர் ‘குச்சுப் பள்ளி’ என்றே அழைத்தனர். பின்னர் துறைமுகம் வளர, கடையநல்லூர், தென்காசி மக்கள் தஞ்சோங் பகாரில் குடும்பம் குடும்பமாகக் குடியேறினர். ஆண்கள் துறைமுகத்துக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போக, பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். கடையநல்லூர் என்ற பெயரில் இன்றும் அங்கே ஒரு தெரு உண்டு. 1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் அந்த வட்டாரத்தின் பிள்ளைதான்.

தீவு முழுவதற்கும் ஒரு திட்டம்

நகரமோ பிதுங்கிக்கொண்டிருந்தது. 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை, தன் 32 ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகளே. அந்த அமைப்பு தயாரித்து 1958இல் நடைமுறைக்கு வந்த பெருந்திட்டம், எந்த நிலம் எதற்கு என்று சட்டப்படி வகுத்தது. ஆனாலும் மக்கள்தொகையின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. மறு ஆண்டு புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது, அடுக்குமாடி வீடுகளின் தேவை எல்லாருக்கும் புரிந்தது. முதல் ஐந்தாண்டிலேயே கழகம் 50,000க்கும் அதிகமான வீடுகளைக் கட்டியது.

வீடு கட்ட நிலம் வேண்டும். 1966ஆம் ஆண்டின் நிலக் கையகச் சட்டம், பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு விரிந்த அதிகாரம் தந்தது. நெடுங்காலம் அதற்குக் கிடைத்த இழப்பீடு சந்தை விலைக்குக் குறைவாகவே இருந்தது. 2007இல்தான் முழுச் சந்தை விலை என்ற நிலை வந்தது. அந்தச் சுமையைத் தாங்கியவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு.

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உதவியோடு 1967இல் தொடங்கிய ஆய்வின் பயன்தான் 1971ஆம் ஆண்டின் கருத்தாக்கத் திட்டம். ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழ்ந்த தீவில் 40 லட்சம் பேருக்கு இடம் காண வேண்டும் என்று அது கணக்கிட்டது. நடுவில் நீர்ப்பிடிப்புக் காடு, அதைச் சுற்றி வளையமாகப் புதுநகரங்கள், அவற்றை இணைக்கும் ரயில், கிழக்கு முனையில் சாங்கி விமான நிலையம், மேற்கே ஜூரோங் தொழிற்பேட்டை. 1981இல் விமான நிலையமும் 1987இல் பெருவிரைவு ரயிலும் வந்தன. பத்தாண்டுக்கு மேல் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்ததன் விளைவு அது.

எது வந்தது, எது நின்றது

நம் குடும்பங்கள் தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக், உட்லண்ட்ஸ் என்று பிரிந்தது இந்தக் காலத்தில்தான். பழைய கடைவீட்டு அறைகளின் நெருக்கடியும், பல குடும்பங்களுக்கு ஒரே கழிவறை என்ற அவலமும் முடிவுக்கு வந்தன. வாடகைக்கு இருந்தவர் சொந்த வீட்டுக்காரர் ஆனார். இதை மறந்துவிட்டுப் பழைய தெருவை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

ஆனால் பக்கத்து வீட்டில் மாமியும் எதிர் வீட்டில் சாச்சாவும் இருந்த வாழ்க்கையும் அத்துடன் முடிந்தது. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் வரம்பு வைத்தது. பிரிந்த உறவுகள் மறுபடியும் ஒரே இடத்தில் திரளும் வழி அத்துடன் குறுகியது. அண்டை வீட்டாராகப் பிற இனத்தவரோடு வாழப் பழகியது நமக்குக் கிடைத்த நன்மை.

புதுநகரங்களில் தொழுகைக்கு என்ன வழி? 1975இல் பள்ளிவாசல் கட்டுமான நிதி தொடங்கியது. உழைக்கும் முஸ்லிம்கள் மாதச் சம்பளத்தில் சிறு தொகை தந்தனர். 1977இல் தோ பாயோவில் எழுந்த முதல் பள்ளிக்கு ‘முஹாஜிரீன்’, அதாவது இடம்பெயர்ந்தோர், என்று பெயர் சூட்டப்பட்டது. அதைவிடப் பொருத்தமான பெயர் வேறெது?

பழைய இடங்களில் நின்று நிலைத்தவை எவை என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சூலியா பள்ளி, அல்-அப்ரார், நாகூர் தர்கா மூன்றும் 1974இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றைச் சுற்றி எல்லாம் மாறியும் அவை அசையவில்லை. நெடுநாள் மூடிக்கிடந்த தர்கா, பழுதுபார்க்கப்பட்டு 2011இல் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. எழுத்தில் பதிவாகி, வரலாறு எடுத்துச் சொல்லப்பட்ட இடங்கள் நின்றன. நாம் வாடகைக்கு வாழ்ந்த அறைகளுக்கும், சாயங்காலம் கூடிப் பேசிய முனைகளுக்கும் அத்தகைய பதிவு இல்லை.

மையவாடிக்கும் இதே கதைதான். பிடாடாரியில் அடக்கமான முஸ்லிம்களின் எச்சங்கள் 2001 முதல் 2006 வரை தோண்டியெடுக்கப்பட்டு, மரியாதையோடு சுவா சூ காங்கில் மறுபடி அடக்கப்பட்டன. இப்போது பிடாடாரி குடியிருப்பு நகரம். 1998 முதல் புதிய கபர்களுக்கும் 15 ஆண்டே தவணை. நம் முன்னோர் எங்கே உறங்கினர் என்பதைக் கல்வெட்டு இனிச் சொல்லாது. குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

நமது சங்கத்தின் வேலை

தெரு செய்த வேலையைத்தான் இந்த ஐம்பது ஆண்டுகளாக நமது சங்கம் செய்துவந்திருக்கிறது. கலியாணப் பேச்சு, நோன்புக் கஞ்சி, மௌலிது, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, மையத்துச் செய்தி என ஒரே தெருவில் இருந்தபோது தானாக நடந்தவற்றை, நாற்புறமும் சிதறிய பின் திட்டமிட்டு நடத்த வேண்டியதாயிற்று.

இனி இரண்டு காரியங்கள் நம் கையில் உள்ளன. நகர மறுசீரமைப்பு ஆணையம் நீண்டகாலத் திட்டத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும், பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் மறுஆய்வு செய்கிறது. பெருந்திட்டத்தின் நகல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கருத்தும் கேட்கப்படுகிறது. அடுத்த முறை நம் இளையர் அங்கே சென்று பார்த்து, நம் இடங்களைப் பற்றி எழுதித் தர வேண்டும். இரண்டாவது, வீட்டில் கிடக்கும் பழைய வாடகைச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், பின்புறம் முகவரி எழுதிய புகைப்படம் எதையும் எறியாமல் சங்கத்துக்குக் காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த மலரை எழுதுபவர்களுக்கு நம் தெருக்களின் வரைபடத்தை நாமே வரைந்து கொடுப்போம்.